ஏழு எழுத்தும் எழுபது பாயின்ட்டும்

கேள்வி: எழுத்துகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் கையில் நல்ல எழுத்துகள் இருந்தும் மூன்று, நான்கு எழுத்துச் சொல்லுக்கு மேல் கண்ணில் படுவதில்லை. எப்படிக் கலைத்துப் பார்ப்பது?

பதில்: டைல்கள் (எழுத்துக் கட்டைகள்) வந்த வரிசையிலேயே இருந்தால் கண்ணும் அந்த வரிசையிலேயேதான் தேடும். முதலில் ஒட்டுகளைப் பிரியுங்கள். முன்னால் வரும் ‘ரீ’, ‘அன்’, பின்னால் வரும் ‘இங்’, ‘எர்’ ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதை ராக்கின் (டைல்களை நிறுத்தும் தாங்கியின்) ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் கலையுங்கள். வெவ்வேறான ஏழு எழுத்துகளை 5,040 விதமாக அடுக்கலாம். ஐந்து எழுத்துகளை 120 விதமாகத்தான்.

ஏ, ஈ, ஜி, ஐ, எல், என், ஆர் வந்திருக்கிறது என்று வையுங்கள். ஐ-என்-ஜி தெரிந்ததும் பலரும் அதையே பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சிய நான்கை அதன் முன்னால் எப்படி அடுக்கினாலும் பழகிய ஏழெழுத்துச் சொல் எதுவும் சிக்காது. ஓர் ஒட்டு சட்டென்று கைகொடுக்கவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஆர்-ஈயை முன்னால் வைத்தால் மிச்சம் ‘அலைன்’, முழுச்சொல் ‘ரீஅலைன்’ (ஆர்-ஈ-ஏ-எல்-ஐ-ஜி-என்). அதே இரண்டையும் ஈ-ஆர் என்று திருப்பிக் கடைசியில் வைத்தால் ‘அலைனர்’ (ஏ-எல்-ஐ-ஜி-என்-ஈ-ஆர்).

கேள்வி: அந்த இரண்டும் ஒரே எழுத்துகள்தானே? எதை வைத்தாலும் பாயின்ட் ஒன்றுதானே?

பதில்: இல்லை. இதைக் கவனிக்காமல்தான் பலர் பாயின்ட்டை விடுகிறார்கள். எழுத்துகளின் மதிப்பு மாறாது. ஜிக்கு 2, மற்ற ஆறுக்கும் ஒவ்வொன்று, ஆக 8. எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதுதான் மாறும். ஆட்டத்தின் முதல் சொல்லாக வைப்பதாகக் கொள்வோம். நடுக்கட்டம் சொல்லை இரட்டிப்பாக்கும். அதிலிருந்து இருபுறமும் நான்காவது கட்டம் எழுத்தை இரட்டிப்பாக்கும். ‘ரீஅலைன்’ சொல்லின் இரண்டாம் எழுத்தான ஈயை நடுவில் வைத்தால், ஆறாம் எழுத்தான ஜி சரியாக அந்த வலதுபுறக் கட்டத்தில் உட்காரும். 10 இரண்டு மடங்காகி 20, ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்ததற்குக் கூடுதலாக 50, மொத்தம் 70. ‘அலைனர்’ சொல்லில் ஜி நான்காவது எழுத்து. நடுக்கட்டத்தைத் தொட்டே ஆகவேண்டும் என்பதால் அதை அங்கே கொண்டுபோக வழியில்லை. ஒரு பாயின்ட் எழுத்துதான் இரட்டிக்கும், உச்சம் 68.

கேள்வி: க்யூ, இசட், எக்ஸ் வந்தால் பெரிய சொல்லுக்காகக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். க்யூவுக்குத் துணையாகும் யு மொத்தம் நான்குதான். அதற்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஆறு டைலோடுதான் ஆடுகிறீர்கள். க்யூ-ஐ, இசட்-ஏ இரண்டும் செல்லுபடியாகும் ஈரெழுத்துச் சொற்கள். எக்ஸ்தான் மூன்றிலும் தங்கம்: ஏ, ஈ, ஓ எதன் பின்னாலும் ஒட்டும். எழுத்தை மும்மடங்காக்கும் கட்டம் ஒன்றின் இடப்பக்கம் ஏ, மேலே ஓ இருந்து, அங்கே 8 பாயின்ட் எக்ஸை வைத்தால் குறுக்கே 25, நெடுக்கே 25. ஒரே டைலுக்கு 50! எஸ் எழுத்தும், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைலும் வேறு கதை. அவற்றைச் சில்லறைப் பாயின்ட்டுக்குச் செலவழிக்காமல் ஏழெழுத்துச் சொல்லுக்கு வைத்திருங்கள்.

கேள்வி: சொல் தேடித்தரும் செயலிகளை நம்பலாமா?

பதில்: பயிற்சிக்கு நல்லது, ஆட்டத்தின் நடுவே திறந்தால் அது ஏமாற்று. அவை எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அதே அடுக்கு வரும் சொற்களை அகராதியிலிருந்து எடுக்கின்றன. தவறு பெரும்பாலும் அகராதித் தேர்வில்தான் வரும்: வட அமெரிக்கச் சொற்பட்டியல் வேறு, மற்ற பல நாடுகளில் ஆடும் காலின்ஸ் பட்டியல் வேறு. காலின்ஸில் மட்டும் உள்ள சொல்லை மற்றதில் ஆடுகிறவர்களிடம் வைத்தால், எதிராளி ஆட்சேபித்ததும் டைல்களைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். ஸ்கிராபிள் போன்ற செல்பேசி ஆட்டமான வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ் ஆடுகிறவர்கள் பாயின்ட் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஏழும் வைத்தால் 35தான். ஜேக்கு 8 அல்ல, 10.