ஒரே அணியாக ஆடும் சீட்டாட்டங்கள்: கேள்வி பதில்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில், எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிறு மாலைகளில் சிறுவர்களையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் சீட்டாட்டங்கள் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தோற்கடிக்காமல், எல்லாரும் ஒரே அணியாக நின்று வெல்லவோ தோற்கவோ செய்யும் ஆட்டங்கள் அவை. அவற்றைப் பற்றி எல்லையோரத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): வீட்டில் ஐந்து பேர். மாமியார் தமிழ் மட்டுமே வாசிப்பார். எட்டு வயது மகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம்தான் கிடைக்கும். எதை வாங்கலாம், ஐயா?

பதில்: நேரத்தைவிட, யாருக்கு எந்த எழுத்து தெரியும் என்பதையே உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டும், அம்மா. சீட்டில் ஆங்கில வாசகங்கள் அச்சிட்ட ஆட்டத்தை வாங்கினால், ஒவ்வொரு முறையும் நீங்கள் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். பாட்டியும் பேத்தியும் தாமாக ஆட முடியாது. ஆகவே எண் மட்டும் உள்ள ஆட்டமாகப் பாருங்கள். ஸ்டெஃபன் பென்டார்ஃப் என்ற ஜெர்மானியர் உருவாக்கி 2015-இல் வெளிவந்த 'தி கேம்' உங்களுக்குப் பொருந்தும். ஒருவர் முதல் ஐவர் வரை ஆடலாம். ஓர் ஆட்டம் இருபது நிமிடத்தில் முடியும்.

2 முதல் 99 வரை 98 சீட்டுகள். நடுவில் நான்கு அடுக்குகள்: இரண்டில் எண்கள் 1-இலிருந்து ஏற வேண்டும், இரண்டில் 100-இலிருந்து இறங்க வேண்டும். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஆறு சீட்டு. முறை வரும்போது குறைந்தது இரண்டு சீட்டு போட்டுவிட்டு, போட்டதற்கு ஈடாகக் கட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டு தீர்ந்த பிறகு ஒன்று போட்டால் போதும். சரியாகப் பத்து வித்தியாசம் இருந்தால் மட்டும் அடுக்கைப் பின்னோக்கித் திருப்பலாம். கையிலுள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் "இந்த அடுக்கைத் தொடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வாசகசாலைக்கு வரும் பாட்டி ஒருவர், ஏறுமுக அடுக்கில் 47 கிடந்தபோது, அதன்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தம் முறை வரும்வரை எடுக்கவே இல்லை. முறை வந்ததும் கையை விலக்கி 37-ஐ வைத்தார். பத்து எண்கள் திரும்பக் கிடைத்தன. அதுவரை ஆட்டத்தை ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய பேரன் அதன்பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

கேள்வி (கோபாலபுரம்): எந்தக் கூட்டு ஆட்டம் ஆடினாலும் என் கணவரே எல்லாருக்கும் "இதைப் போடு, அதைப் போடு" என்று சொல்லிவிடுகிறார். பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது.

பதில்: கூட்டு ஆட்டங்களின் பெரிய குறை இதுதான். எல்லாருடைய சீட்டும் எல்லாருக்கும் தெரிந்தால், நன்றாகக் கணக்குப் போடுகிறவர் ஒருவரே ஐந்து பேருக்கும் ஆடிவிடுவார். அவரைக் கண்டித்துப் பயனில்லை. விதியே அவருக்குத் தெரிவதைக் குறைக்கும் ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள்.

அந்துவான் பௌசா என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கி, 2013-இல் ஜெர்மனியின் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' விருது பெற்ற 'ஹனாபி'யில், உங்கள் சீட்டு உங்களுக்கே தெரியாது. முகப்பு மற்றவர்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிறங்கள்; ஒவ்வொன்றையும் 1 முதல் 5 வரை வரிசையாக அடுக்க வேண்டும். பிறருக்குக் குறிப்புச் சொல்ல எட்டு வில்லைகள் உண்டு. ஒரு குறிப்பில் ஒரு நிறத்தை அல்லது ஓர் எண்ணை மட்டுமே காட்டலாம். வில்லை தீர்ந்தால், ஒரு சீட்டைக் கழித்து ஒன்றை மீட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறத்திலும் 5 ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், தெரியாமல் அதைக் கழித்தால் அந்த நிறம் முழுமையடையாது. உங்கள் கணவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், தம் கையிலிருப்பதை அறியப் பிள்ளைகளின் குறிப்பையே எதிர்பார்த்திருக்க வேண்டும். சின்னக் கைகளில் சீட்டு நழுவினால், துணி காயப்போடும் கிளிப்பால் அடிப்பக்கத்தைக் கவ்விக் கொடுங்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம்): எங்கள் அப்புச்சி ஐம்பது வருடமாக இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுகிறார். புதிய ஆட்டம் எதுவும் அவருக்குப் பிடிப்பதில்லை. அவரையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு, இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத ஆசைப்படுகிறேன். பிடியும் (ஒரு சுற்றில் விழும் சீட்டுகள்) துருப்பும் (மற்ற இனங்களை வெட்டும் இனம்) தெரிந்தவருக்கென்றே அமைந்தது போன்றது, தாமஸ் சிங் உருவாக்கி 2019-இல் வெளிவந்த 'தி க்ரூ'. அதைக் கடையில் வாங்குவதற்கு முன், வீட்டிலுள்ள சீட்டுக்கட்டைக் கொண்டே ஆடிப் பார்க்கலாம்.

ஒரு கட்டில் நான்கு இனங்களிலும் ஏஸ் முதல் 9 வரை எடுத்தால் 36 சீட்டு. இஸ்பேட் 10, ஜாக்கி, ராணி, ராஜா ஆகிய நான்கையும் தனித் துருப்பு இனமாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ராஜாவே பெரியது. ஆக நாற்பது சீட்டு. நால்வருக்குப் பத்துப் பத்தாக வரும். இஸ்பேட் ராஜா யாரிடம் இருக்கிறதோ அவர் தலைவர். முதல் பிடிக்கு அவர் இறக்குவார். இன்னொரு கட்டிலிருந்து அதே 36 சீட்டுகளைத் தனியே கலைத்து, ஒன்றைத் திருப்பி வையுங்கள். அதுதான் அணியில் ஒருவர் ஏற்க வேண்டிய பணி. அது டைமன் 6 என்றால், அந்தப் பணியை ஏற்றவர் டைமன் 6 விழும் பிடியை எடுக்க வேண்டும். வேறொருவர் எடுத்துவிட்டால் எல்லாருமே தோற்றார்கள். ஒரு பணியில் தொடங்கி, வெல்ல வெல்ல இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

பேசக் கூடாது. ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறை, இரு பிடிகளுக்கு இடையில், துருப்பல்லாத ஒரு சீட்டை முன்னால் வைத்து, அந்த இனத்தில் தம்மிடம் இருப்பதிலேயே அதுதான் பெரியது, அல்லது சிறியது, அல்லது அது ஒன்றுதான் இருக்கிறது என்று காட்டலாம். ஒரு புளியங்கொட்டையைச் சீட்டின் மேல்முனையில் வைத்தால் பெரியது, கீழ்முனையில் வைத்தால் சிறியது, நடுவில் வைத்தால் ஒன்றே ஒன்று.

அப்புச்சிக்கு இரண்டை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று புள்ளி எண்ணிப் பழகிய மனம், இங்கே புள்ளியே இல்லை என்பதையும், ஏஸ் வெறும் 1 என்பதையும் ஏற்கச் சில ஆட்டங்கள் பிடிக்கும். அடுத்தது, பிடியை விட்டுக்கொடுப்பதும் இங்கே நல்ல ஆட்டம்தான். பேத்தியின் பணி நிறைவேறும்படி தம் 9-ஐ முன்னதாகவே இறக்கிவிடும் நுட்பத்தை, இருபத்தெட்டில் தேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தோற்ற அணிக்குக் காதில் குணுக்குப் போடும் வழக்கத்துக்கும் இங்கே இடமில்லை.

கேள்வி (வேலந்தாவளம்): சீட்டு என்றாலே சூது என்கிறார் என் மாமியார்.

பதில்: அவருடைய அச்சத்தை மதியுங்கள், பந்தயம் வைத்து ஆடிக் கெட்ட குடும்பங்களை அவர் கண்டிருக்கக் கூடும். ராஜா ராணி இல்லாத, எண் மட்டும் எழுதிய சீட்டுகளைக் கொண்டு தொடங்குங்கள். யாரிடமிருந்தும் யாரும் எதையும் வெல்வதில்லை என்பதை, அவரை அருகில் உட்காரவைத்து ஓர் ஆட்டம் பார்க்கச் செய்தால் அவரே உணர்வார். வற்புறுத்தி ஆடவைக்க வேண்டாம்.

கேள்வி (வாளையாறு): நானும் மனைவியும் மட்டும்தான்.

பதில்: மேலே சொன்ன 'தி கேம்' இருவருக்கு மிக நன்றாக இருக்கும். ஆளுக்கு ஏழு சீட்டு.

கேள்வி (எருத்தேன்பதி): காசு கொடுத்து வாங்காமல், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது எது?

பதில்: வொல்ஃப்காங் வார்ஷ் உருவாக்கி 2018-இல் வெளிவந்த 'தி மைண்ட்'. 1 முதல் 100 வரை எண்ணெழுதிய நூறு சீட்டுகள் போதும். முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்று, இரண்டாம் சுற்றில் இரண்டு என்று கொடுத்து, முறை எதுவும் இல்லாமல், பேச்சும் சைகையும் இல்லாமல், எல்லாருடைய சீட்டுகளையும் ஏறுவரிசையில் போட வேண்டும். உங்களிடம் 12 இருந்தால் சற்றே பொறுப்பீர்கள். 80 இருந்தால் நெடுநேரம் பொறுப்பீர்கள். அந்தப் பொறுமையின் அளவைக் கொண்டுதான் மற்றவர் உங்கள் எண்ணை ஊகிக்கிறார். இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். எத்தனை பேரோ அத்தனை உயிருடன் தொடங்கி, வரிசை தவறும் ஒவ்வொரு முறையும் ஓர் உயிரை இழக்க வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளில் கெட்டியானவற்றை ஒரே அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். பின்பக்கத்து வண்ணத்தை வைத்துச் சீட்டை அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி, ஒரே பத்திரிகையின் பிரதிகளாக இருப்பது நல்லது. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய கட்டு கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். மை பின்னால் தெரியாதபடி பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். 6, 9, 66, 68, 86, 89, 98, 99 போன்று தலைகீழாகப் பிடித்தால் வேறாகத் தெரியும் எண்களுக்கெல்லாம் அடியில் ஒரு கோடு இழுக்க மறவாதீர்கள். நாங்கள் முதலில் செய்த கட்டில் அதை மறந்துவிட்டு, 68-ஐ 89 என்று நினைத்துப் பொறுத்திருந்த ஒரு சிறுமி கண்கலங்கும்படி ஆகிவிட்டது.