ஒரே மூட்டு வலிக்கு ஊருக்கொரு மாத்திரையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. பாதி வருடம் மும்பை செம்பூரில் எங்களோடு இருப்பார், மீதி திருநெல்வேலியில் அண்ணன் வீட்டில். மூட்டுத் தேய்மான வலிக்கு ஊர் டாக்டர் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை தருகிறார். இங்குள்ள டாக்டர் அதை நிறுத்திவிட்டு, பாராசிட்டமாலும் தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல்லும் போதும் என்கிறார். அம்மாவோ ஊர் மருந்துதான் கேட்கிறது என்கிறார். பிரஷருக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மாவின் விஷயத்தில் மும்பை டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் பிரஷர் மாத்திரைதான் காரணம்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். இவை வலியைக் குறைக்கும்போதே கிட்னிக்குள் போகும் ரத்தத்தையும் குறைக்கக்கூடியவை. டெல்மிசார்டான் கிட்னியின் வடிகட்டும் அழுத்தத்தைத் தணிக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பிலிருந்து நீரை இறக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று செயலிழக்கலாம். வாந்தி பேதியின்போதும் தண்ணீர் குறைவாகக் குடிக்கும்போதும் ஆபத்து இன்னும் அதிகம். ரயில் கழிப்பறைக்குப் பயந்து வழி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வரும் அம்மாக்கள் நிறையப் பேர். அந்தப் பயணத்தில் இந்த வலி மாத்திரையைப் போடவே கூடாது.

அதற்காக ஊர் டாக்டரைத் தவறாக நினைக்க வேண்டாம். வலி மருந்து எழுதுவது இடத்துக்கு இடம் மாறுவது உலகம் முழுக்க உள்ளதுதான். அமெரிக்காவில் 2012-இல் ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்துகளுக்கு எழுதப்பட்ட சீட்டுகளைத் தலைக்கு இத்தனை என்று கணக்கிட்டால், அலபாமாவில் ஹவாயைவிட ஏறக்குறைய 3 மடங்கு. அலபாமாக்காரர்களுக்கு 3 மடங்கு வலி இருந்திருக்காது. படித்த இடம், சீனியரிடம் பார்த்த பழக்கம், பக்கத்து மெடிக்கலில் கிடைப்பது, ஒரு நோயாளிக்கு ஒதுக்க முடிகிற நேரம், ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கும் நோயாளிகள், இவையெல்லாம் சேர்ந்துதான் சீட்டைத் தீர்மானிக்கின்றன. இதைவிட முக்கியமாக ஒன்று: மும்பையில் எழுதிய பிரஷர் மாத்திரை பற்றி ஊர் டாக்டரிடம் யாராவது சொன்னீர்களா? சீட்டு செம்பூர் வீட்டு அலமாரியில் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூட்டுத் தேய்மான வலிக்குப் பாராசிட்டமால் பலவீனமான மருந்து. பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே அதை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. முழங்காலுக்கு இந்த வகை ஜெல்லைத்தான் முன்னால் வைக்கிறது. ஜெல் மருந்து ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். ஆனால் வலிக்கும்போது மட்டும் ஒரு தடவை தேய்த்துவிட்டு, கேட்கவில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன வேளைக்கெல்லாம், சில வாரம் விடாமல் தடவினால்தான் பலன் தெரியும். கூடவே தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும்விட நான் அதைத்தான் நம்புகிறேன்.

அப்புறம், இரண்டு ஊர் அட்டைகளும் ஒரே டப்பாவில் இருக்கக் கூடாது. ஊர் மாத்திரையிலேயே பெரும்பாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். அதோடு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையையும் போட்டுக்கொண்டே போனால், ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பை நெருங்கிவிடுவார்; அதைத் தாண்டினால் கல்லீரலுக்குக் கேடு. பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லாச் சீட்டையும் போட்டோ எடுத்து அம்மா போனிலும் அண்ணன் போனிலும் வையுங்கள்.

ஊர் வலி மாத்திரையை இத்தனை நாள் சாப்பிட்டிருப்பதால், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க இந்த வாரமே கிரியாட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.