பயண டிரெய்லரின் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டின்) பத்துப் பன்னிரண்டு சாவிகளையும் பூட்டுகளையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதலில் ஒரு வேண்டுகோள். கேள்வியோடு நீங்கள் இணைத்திருக்கும் சாவிக்கொத்தின் படத்தை உடனே நீக்கிவிடுங்கள். சாவியின் வெட்டு தெளிவாகத் தெரிந்தால், பூட்டுத் தொழில் அறிந்த ஒருவரால் படத்தைப் பார்த்தே மாற்றுச் சாவி செய்துவிட முடியும். அதைவிட எளிதான வழியையும் உங்கள் படமே காட்டிக்கொடுக்கிறது. கொத்தில் உள்ள சாவிகளில் நான்கில் 'சிஎச் 751' என்று பொறிக்கப்பட்டிருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அந்த எண்ணைப் பார்த்ததால்தான் இவ்வளவு நீண்ட பதிலை எழுத உட்கார்ந்தேன்.

வண்ண உறை போடலாமா, எண் ஒட்டலாமா, சுவரில் மாட்டும் பலகை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி உங்களுக்குப் புதிது என்றும், விற்றவர் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாச் சாவிகளையும் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார் என்றும், எது எதற்கு என்று நீங்களே ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது. நானும் முதல் வாரத்திலேயே வண்ண உறைகள் வாங்கினேன். பகலில் அவை உதவின. இருட்டில், மழையில், ஒரு கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சிவப்புக்கும் பழுப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. சாவிகளை ஒழுங்குபடுத்துவதற்கு முன்பு, இத்தனை சாவிகள் எதற்கு என்ற கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். புரியவைத்தது ஒரே ஒரு மாலைப் பொழுது.

எங்கள் வண்டியில் அப்போது பதின்மூன்று சாவிகள் இருந்தன. நுழைவாயிற்கதவின் கைப்பிடிக்கு ஒன்று, அதற்கு மேலே உள்ள டெட்போல்ட் என்ற தனித் தாழ்ப்பாள் பூட்டுக்கு வேறொன்று, வெளிப்புறச் சாமான் அறைகளுக்கு நான்கு, மின்கம்பி வைக்கும் சிறு கதவுக்கும் நீர் நிரப்பும் மூடிக்கும் வெளிக்குளியல் பெட்டிக்கும் ஒவ்வொன்று, காரின் பின்னால் உள்ள இழுவைப் பந்தின் மேல் மாட்டும் குழிவான முனையான கப்ளரின் பூட்டுக்கும், பந்து பொருத்திய சட்டத்தைக் காரோடு பிணைக்கும் ஹிட்ச் முள்ளின் பூட்டுக்கும் மாற்றுச் சக்கரத்தின் பூட்டுக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் ஒவ்வொன்று. அவை அனைத்தையும் ஒரே பெரிய வளையத்தில் கோத்து வைத்திருந்தேன். பிரித்து வைத்தால் தொலைந்துவிடும் என்ற பயம்தான் காரணம். மாற்றுச் சாவிகளை டிரெய்லருக்குள்ளேயே, சமையல் மேடையின் இழுப்பறையில் வைத்திருந்தேன். இந்த இரண்டும் எவ்வளவு பெரிய தவறுகள் என்று இப்போது படிப்பவர்களுக்கு உடனே தெரியும். அன்று எனக்குத் தெரியவில்லை.

முகாமுக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது, தூறலும் இருந்தது. வண்டியை நிறுத்தியதும் சக்கரக் கட்டைகளை எடுப்பதற்காக முன்பக்கச் சாமான் அறையைத் திறந்து, சாவி வளையத்தை உள்ளே தரையில் வைத்துவிட்டு, கட்டைகளோடு சக்கரத்தின் அருகே குனிந்தேன். மழைநீர் உள்ளே போகிறதே என்று என் மனைவி அந்தக் கதவைச் சாத்தினார். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகைக் கதவு அது. அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எழுபது வயதைக் கடந்த என் அம்மா காருக்குள் இருந்தார். இரவு வேளைக்கு அவர் போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரைகள் டிரெய்லருக்குள் இருந்தன. கைப்பிடிச் சாவி, டெட்போல்ட் சாவி, மாற்றுச் சாவிகள் எல்லாமே பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தன.

கால் மணி நேரம் நான் அந்தக் கதவோடு போராடியிருப்பேன். பக்கத்து இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்த ஒரு பெரியவர் என்னவென்று வந்து கேட்டார். சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் தன் வண்டிக்குப் போய்த் தன் சாவியை எடுத்துவந்து, எங்கள் சாமான் அறைப் பூட்டில் செருகித் திருப்பினார். ஐந்து விநாடிகூட ஆகவில்லை, கதவு திறந்துவிட்டது. அவருடைய டிரெய்லர் வேறு நிறுவனம் செய்தது, வேறு அளவு, எங்களுடையதைவிடச் சில ஆண்டுகள் பழையது. "தம்பி, இந்தச் சாவி இங்கே நிற்கும் வண்டிகளில் பாதியைத் திறக்கும்" என்றார்.

முதலில் எனக்குக் கண் கலங்கியது; நன்றியோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் மறுபக்கம் உறைத்தது. அவர் சாவி என் வண்டியைத் திறக்குமென்றால், அதைப் போன்ற சாவி வைத்திருக்கும் எவரும் திறக்கலாம். அந்த அறையில் ஜெனரேட்டரும், மறைந்த என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய கருவிப் பெட்டியும் இருந்தன. பூட்டியிருக்கிறது என்று நம்பி, எத்தனை இடங்களில் வண்டியை விட்டுவிட்டு நாள் முழுக்க வெளியே போயிருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே அன்றிரவு விழித்திருந்தேன்.

751 என்பது உங்களுக்கென வெட்டப்பட்ட சாவியின் எண் இல்லை. பல தயாரிப்பாளர்கள் தங்கள் டிரெய்லர்களின் வெளிப்புறக் கதவுகளுக்கு வாங்கிப் பொருத்தும் ஒரு பொதுவான வெட்டின் எண் அது. கருவிப் பெட்டிகளிலும் அலமாரிகளிலும்கூட அதே பூட்டு வருகிறது. எந்த வண்டிக்கு எந்தப் பூட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளாமல் தொழிற்சாலையில் வேகமாகப் பொருத்தலாம், தொலைந்தால் எளிதாக மாற்றுச் சாவி கொடுக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. பூட்டின் உள்ளே இருப்பவையும் மெல்லிய சில தகடுகள்தாம். ஆகையால் அதைப் பயணத்தின்போது கதவு திறந்துகொள்ளாமல் பிடித்துவைக்கும் தாழ்ப்பாள் என்று எண்ணுங்கள். பூட்டு என்று எண்ணி அதை நம்பி எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வண்டியை விற்ற இடத்தில் போய் இதைப் பற்றிக் கேட்டேன். "எல்லா வண்டிக்கும் அப்படித்தான் வரும்" என்று பதில் சொன்னார்கள். அப்படித்தான் வருமென்றால், ஒப்படைக்கும் நாளில் அதை ஒரு வாக்கியமாகச் சொல்ல என்ன தடை இருந்தது? வெய்யில் மறைப்பை விரிப்பதற்கும் இசைப் பெட்டியை இயக்குவதற்கும் நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொடுத்தவர்கள், பூட்டுகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. டெட்போல்டுக்கு ஒரே ஒரு சாவிதான் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று கேட்டபோது முழுப் பூட்டையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்குகிறவரிடம், "இந்த அறைகளில் விலையுள்ள பொருளை வைக்காதீர்கள்" என்று எச்சரிப்பது விற்பவரின் கடமை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆண்டுகள் கடந்தும் அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை.

திரும்பி வந்ததும் சாமான் அறைகளின் கேம் பூட்டுகளை (சாவியைத் திருப்பினால் பின்னால் உள்ள தட்டையான நாக்கு சுழன்று கதவுச் சட்டத்தைப் பிடிக்கும் வகை) மாற்றினேன். இந்த வேலையில் ஒருமுறை தவறியதால் விரிவாகச் சொல்கிறேன். ஒரே சாவியில் திறக்கும்படி தொகுதியாகக் கிடைக்கும் பூட்டுகளை வாங்குங்கள். ஆனால் வாங்கும் முன் அளவெடுங்கள். கதவின் பின்பக்கத்தில் உள்ள மறையை (நட்டை) கழற்றினால் பழைய பூட்டு கையோடு வந்துவிடும். அதன் கழுத்து நீளம் பெரும்பாலும் 5/8, 7/8 அல்லது 1 1/8 அங்குலமாக இருக்கும்; ஒரே வண்டியில் இருவேறு நீளங்களும் இருக்கலாம். நான் ஒரு கதவை மட்டும் அளந்துவிட்டு நான்குக்கும் ஒரே நீளத்தில் வாங்கினேன்; இரண்டு கதவுகளில் நாக்கு சட்டத்தைத் தொடவே இல்லை. நாக்கின் நீளம், அது நேராக உள்ளதா வளைந்துள்ளதா, சாவி கால் சுற்றுத் திரும்புகிறதா அரைச் சுற்றா என்பதையும் கதவு வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நாக்கையே புதிய பூட்டில் மாட்ட முடிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

வட்டச் சாவி போடும் குழல் பூட்டுகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். நானும் அவற்றைத்தான் போட்டிருக்கிறேன். வழக்கமாக ஏழு முள்கள் வட்டமாக அமைந்திருப்பதால் தகடு வைத்த மலிவான பூட்டைவிட அவை மேல். ஆனாலும் முழு நம்பிக்கை வைக்க மாட்டேன். 2004-ஆம் ஆண்டில் வட்டச் சாவி கொண்ட மிதிவண்டிப் பூட்டுகளைச் சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் குழலை வைத்தே திறந்து காட்டினார்கள், செய்த நிறுவனம் அவற்றை மாற்றிக்கொடுக்க நேர்ந்தது. தகர மெல்லிமையில் ஒரு கதவு இருக்கும்போது அதன் பூட்டை மட்டும் வலுப்படுத்தி என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. நெம்புகோலோடு வருபவனை எந்தப் பூட்டும் நிறுத்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யாரிடமும் இருக்கக்கூடிய ஒரு சாவி, சத்தமில்லாமல், தடயமில்லாமல் என் அப்பாவின் பெட்டியை எடுத்துக்கொண்டுபோக உதவக் கூடாது.

நுழைவாயிலுக்கு, கைப்பிடியும் டெட்போல்டும் ஒரே சாவியில் இயங்கும் புதிய பூட்டை மாட்டினேன். எண்களை அழுத்தித் திறக்கும் வகையும் கிடைக்கிறது, பல குடும்பங்களுக்கு அது வசதி. அதைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் இருக்கும் பேட்டரிகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதோடு, அதனுடன் வரும் சாதாரணச் சாவியைக் கட்டாயம் வெளியே யாரிடமாவது வைத்திருங்கள். அம்மாவின் விரல்களுக்கு அந்தச் சிறு பொத்தான்கள் ஒத்துவரவில்லை என்பதால் நாங்கள் சாவியிலேயே நின்றுவிட்டோம். எதை மாட்டினாலும், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதே காரணத்தால் அவசர வழிச் சன்னலுக்கோ எரிவாயு உருளைகளின் உறைக்கோ பூட்டுப் போடாதீர்கள்; தீப்பிடித்தால் வெளியில் நிற்பவர் யாராக இருந்தாலும் உருளையின் வால்வை ஓடிப்போய் மூட முடிய வேண்டும். உருளை திருடுபோனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இழுவைப் பகுதியில்தான் உண்மையான பணத்தைச் செலவழித்தேன், ஏனெனில் சாமான் அல்ல, வண்டியே திருடுபோவது அங்கேதான். கழற்றி நிறுத்தியிருக்கும்போது கப்ளரின் குழிக்குள் எவரும் தங்கள் பந்தை நுழைக்க முடியாதபடி அடைக்கும் பூட்டு வேண்டும். அது உங்கள் கப்ளரின் அளவுக்கு, அதாவது 1 7/8, 2 அல்லது 2 5/16 அங்குலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹிட்ச் சட்டம் நுழையும் காரின் சதுரக் குழலை ரிசீவர் என்பார்கள்; 2 அங்குல ரிசீவருக்குப் பெரும்பாலும் 5/8 அங்குல முள் பொருந்தும். கப்ளர், முள், மாற்றுச் சக்கரம் மூன்றுக்கும் ஒரே சாவி வரும்படி வாங்கினேன். இழுக்கும் காரின் சாவியை முதல்முறை செருகித் திருப்பும்போது அதையே தன் சாவியாக ஏற்றுக்கொள்ளும் பூட்டுகளும் உண்டு. காரை மாற்றினால் அவை பயனற்றுப்போகும் என்பதால் எனக்கு வேண்டாம் என்று விட்டேன், நீண்ட காலம் ஒரே காரை வைத்திருப்பவர்களுக்கு அவை நல்லவை.

பூட்டுகளுக்கு எண்ணெய் விடாதீர்கள். சாலைப் புழுதி எண்ணெயில் ஒட்டிக் களிம்பாகிவிடும். கிராஃபைட் பொடியோ உலர்ந்த டெஃப்லான் தெளிப்போ போதும்.

இப்போது வாசலுக்கு ஒன்று, சாமான் அறைகளுக்கும் மின்கம்பிக் கதவுக்கும் நீர் மூடிக்கும் சேர்த்து ஒன்று, இழுவைக்கு ஒன்று என மூன்று சாவிகள். பேட்டரிப் பெட்டியைச் சாமான் அறைப் பூட்டுக்குள்ளேயே அடங்குமாறு இடம் மாற்றிவிட்டேன். இருட்டில் விரலால் அறிய, வாசற்சாவியின் தலையில் அரத்தால் ஒரு வெட்டும் இழுவைச் சாவியில் இரண்டு வெட்டுகளும் போட்டிருக்கிறேன். முழுத் தொகுதி என் மனைவியின் கைப்பையில் ஒன்று, என்னிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. டிரெய்லருக்குள் எதுவும் இல்லை. பம்பருக்கு அடியில் காந்தப் பெட்டியில் ஒளித்து வைக்கலாம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் முதலில் தேடப்படும் இடம் அதுதான். பூட்டுகளின் குறியீட்டு எண்களைத் தாளில் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வீட்டில் வைத்து, பூட்டின் முகத்தில் பொறித்திருந்த எண்களை அரத்தால் தேய்த்துவிட்டேன்.

வெளிக்குளியல் பெட்டியின் பூட்டு மட்டும் மாறவில்லை. அதன் பிளாஸ்டிக் சட்டத்தில் நான் தேடிய எந்தப் பூட்டும் பொருந்தவில்லை. உள்ளே ஒரு குழாயும் இரண்டு திருகுகளும் தவிர வேறொன்றும் இல்லை என்பதால் பழைய 751 சாவியே அதற்கென என் கொத்தில் நான்காவதாகத் தொங்குகிறது.