சைக்கிள் அக்கா பதில்கள்: தெய்தேவுக்கு எந்தப் பக்கம் ஏறுவது?

கேனரி தீவுகளில் ஒன்றான டெனரீஃபின் நடுவே இருக்கும் தெய்தே எரிமலைப் பூங்காவில், பைகள் கட்டிய சைக்கிளில் சுற்றியதைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதை ஒட்டி வந்த கேள்விகள் இவை.

நானும் தங்கையும் போகிறோம். இருவர் சைக்கிளிலும் பைகள் இருக்கும். மேலே போக நான்கு சாலைகள் உண்டாமே, எதில் ஏறலாம் அக்கா?

லா லகுனாவிலிருந்து போகும் டிஎஃப்-24. யோசிக்கவே வேண்டாம்.

தெய்தேயின் உச்சி 3,715 மீட்டர். ஸ்பெயின் நாட்டிலேயே அதுதான் உயரம். அந்த உச்சிக்குச் சாலை கிடையாது. அதன் காலடியில், 2,000 மீட்டருக்கு மேலே, லாஸ் கன்யாதாஸ் என்று ஒரு பெரிய எரிமலைப் பள்ளம் இருக்கிறது. அதற்குள் போய்ச் சேர்வதுதான் நம் வேலை. வடக்குக் கடற்கரையிலிருந்து லா ஒரோதாவா வழியாகப் போனால் கிட்டத்தட்ட 35 கிலோமீட்டருக்குள் அத்தனை உயரத்தையும் ஏறி முடிக்க வேண்டும். ஊருக்குள்ளேயே சில தெருக்கள் இறங்கித் தள்ள வைத்துவிடும். தெற்கே வீலாஃப்ளோர் வழி பந்தய வீரர்கள் பயிற்சி எடுக்கும் வழி. படங்களில் பார்த்துவிட்டு எல்லோரும் அதையே கேட்கிறார்கள். அந்த வீரர்களின் சைக்கிள் ஏழு கிலோ, சாப்பாடும் சட்டையும் பின்னால் காரில் வரும். உங்களுக்கு எல்லாமே சைக்கிளில்தான். மேற்கே சீயோவிலிருந்து வரும் டிஎஃப்-38 ஏறுவதை விட இறங்குவதற்கு நல்ல சாலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லா லகுனா ஊரே 550 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் கால்வாசி ஏற்றம் நமக்கு மிச்சம். அங்கிருந்து பள்ளத்தின் வாசலான எல் போர்தீயோ வரை 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெரும்பாலும் மலையின் முதுகிலேயே ஓடும் சாலை, மூச்சு வாங்க இடம் கொடுக்கும் சரிவு. லா எஸ்பெரான்சா தாண்டியதும் பைன் காடு. 2023 ஆகஸ்டில் இந்தப் பக்கத்துக் காடுகளில் பெரிய தீ பரவியது. ஆனால் கேனரி பைன் லேசில் சாகிற மரம் இல்லை. கரியாகிப் போன பட்டையைப் பிளந்துகொண்டு, அடிமரத்திலிருந்தே பச்சைக் கொத்துகள் கிளம்பும். ஓரிடத்தில் நிறுத்தி ஒரு கொத்தைப் பாருங்கள்: ஊசியிலைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். மேகம் அந்த ஊசிகளில் படிந்து சொட்டுவதால், மழையே பெய்யாத நாளிலும் மரத்தடி ஈரமாக இருக்கும்.

காடு முடிந்து வெளியே வந்தால் மேகம் காலுக்குக் கீழே. கொஞ்ச தூரத்தில் லா தார்தா என்ற வளைவு. சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் வெள்ளை நுரைக்கல்லும் கருத்த எரிமலைச் சாம்பலும் அடுக்கடுக்காக, கேக்கை வெட்டி வைத்தது போல் நிற்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு வெடிப்பு. அப்புறம் இசான்யா வானாய்வகத்தின் வெள்ளைக் கோபுரங்கள். அதோடு ஏற்றம் முடிந்தது, எல் போர்தீயோவுக்கு இறக்கம்தான். நாள் முழுக்க ஏறியவர்களை இறக்கத்தில் உள்ளே விடுகிற மரியாதை இது.

என் சைக்கிள் கியரில் முன்பக்கப் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதுக்கு 28 பல். போதுமா? வழியில் சாப்பாடு கிடைக்குமா?

பை இல்லாமல் போனால் சமாளிக்கலாம். பையோடு போதாது. முன்னால் 30, பின்னால் 34 என்று மாற்றிக்கொண்டால் மிதியை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் இரண்டு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறரை கிலோமீட்டர் சொச்சம். நடப்பதை விடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் முழங்கால் பிழைக்கும். நான் அந்த வேகத்தில்தான் ஏறுகிறேன், வெட்கமெல்லாம் இல்லை.

சாப்பாடு விஷயத்தில் கவனம். ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால், 2,000 மீட்டர் ஏறி முடிக்க உடல் சுமார் 2,000 கலோரி எரிக்கும். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அவ்வளவு வேண்டும். லா எஸ்பெரான்சாவை விட்டால் எல் போர்தீயோ வரை தண்ணீருக்குக் கடையை நம்ப முடியாது. ஆளுக்கு மூன்று லிட்டராவது அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எல் போர்தீயோவில் உணவகங்கள் உண்டு. பள்ளத்தின் நடுவே பரதோர் ஹோட்டலில் காபி, ரொட்டி கிடைக்கும்.

பூங்காவுக்குள் கூடாரம் போடலாமா? நட்சத்திரம் பார்க்க ஆசை.

கூடாது. உள்ளே தங்க வேண்டுமென்றால் பரதோர்தான், விலை கொஞ்சம் கடிக்கும். அல்லது வீலாஃப்ளோருக்கு இறங்கிவிடுங்கள். அது 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், வானம் அங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். பூங்கா எல்லைக்கு வெளியே காட்டுப் பகுதியில் சில முகாம் இடங்கள் உண்டு. தீவு நிர்வாகமான காபில்டோவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

"கேனரி தீவில் குளிரே கிடையாது, ஜனவரியில் போவோம்" என்கிறார் என் கணவர். சரியா?

கடற்கரையைப் பற்றி அவர் சொல்வது சரி. மேலே பனி விழும், தார்மேல் ஐஸ் படியும், அந்த நாட்களில் சாலையையே மூடிவிடுவார்கள். நான் சொல்வது மே கடைசி, ஜூன் தொடக்கம். தஹினாஸ்தே செடி பூக்கும் காலம் அது. ஆளை விட உயரமாக, சிலது மூன்று மீட்டர் வரை, செக்கச்செவேலென்று ஒற்றைக் கம்பம். பக்கத்தில் போனால் பூவை விடத் தேனீ அதிகமோ என்று தோன்றும். பூத்து முடித்ததும் செடி செத்துவிடும்.

கோடையில் சகாராவிலிருந்து 'கலீமா' என்ற தூசிக்காற்று வரும். அப்போது கடற்கரையை விட மேலேதான் வெக்கை அதிகம். அந்த நாளில் ஏறாதீர்கள், ஓய்வெடுங்கள்.

பையன் பள்ளிக்கூடத்துக்காக ஒரு சின்ன லாவாக் கல் எடுத்து வரலாமா?

கூடாது. படம் எடுத்து வாருங்கள்.

ஏறுவதை விட இறங்குவதுதான் எனக்குப் பயம். பிரேக் தாங்குமா?

பயம் நியாயமானது. அதனால்தான் டிஎஃப்-38 என்றேன். பள்ளத்தின் மேற்கு ஓரத்தில் போக்கா தாவுசே என்ற சந்திப்பில் சாலை பிரிகிறது. அங்கிருந்து சீயோ வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர், நீளமான, பார்வை மறையாத வளைவுகள். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் சூடேறும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, அப்புறம் முழுதாக விட்டுவிடுங்கள். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி. காற்று பக்கவாட்டில் அடிக்கும், முன்பக்கப் பைகளை இலேசாக வையுங்கள். மேலே வியர்த்திருந்தாலும் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

தொடக்கத்திலேயே கன்னங்கரேலென்ற லாவாவின் நடுவே போவீர்கள். 1798-ல் தெய்தேயின் தோள்பட்டையில், பீக்கோ வியேஹோ பக்கம், மூன்று மாதம் கக்கியது அது. பூங்காவுக்குள் நடந்த கடைசி வெடிப்பு. இருநூறு வருடத்துக்கு மேலாகியும் செடி பிடிக்கத் திணறுகிறது. நின்று பார்க்க ஒதுங்கும் இடங்கள் உண்டு, பிரேக்கும் அங்கே ஆறட்டும்.

நேரமும் முக்கியம். காலை பதினொன்று முதல் மூன்று வரை சுற்றுலாப் பேருந்துகளும் வாடகைக் கார்களும் மொய்க்கும். முந்திச் செல்லும் வண்டிகள் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம். பெரும்பாலும் போகிறார்கள். ஹெல்மெட் கட்டாயம்.

சீயோவுக்கு அப்புறம் மாஸ்கா கிராமத்துச் சாலையையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பைகளைத் தங்கும் இடத்தில் போட்டுவிட்டு, வெறும் சைக்கிளில், விடியற்காலையில் என்றால் சரி. சாமானோடு வேண்டாம். அது ஊசி வளைவுகள் நிறைந்த செங்குத்துச் சாலை, எதிரே கார் வந்தால் ஒதுங்கவே இடம் தேட வேண்டும்.