ரேஞ்சில் நேராகப் போகும் பந்து மைதானத்தில் ஏன் போவதில்லை?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கனடாவில் இருந்த காலத்தில் கோல்ஃப் பழகியவர், இப்போது ஊரோடு வந்துவிட்டார், கிளப் (கோல்ஃப் மட்டை) பையும் கூடவே வந்துவிட்டது. வேலை விஷயமாக மாதத்தில் இரண்டு தரம் கொழும்புக்குப் போகும்போது பந்து அடித்துப் பழகுகிற ஒரு ரேஞ்சில் ஒரு மணித்தியாலம் நின்று நூறு பந்து அடிப்பாராம், இடையிடையே கூட்டாளிகளோடு திருகோணமலைக்குப் போய் சீனக்குடா விமானப்படை மைதானத்தில் விளையாடுவாராம். அவருடைய கேள்வி இதுதான் (அதில் வருகிற அயன் என்பது நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத் தலைக் கிளப்): “அண்ணை, ரேஞ்சில் கடைசியாக 7ஆம் அயனால் அடிக்கிற முப்பது பந்தும் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகுது. சீனக்குடாவில் முதல் குழியிலேயே எல்லாம் குழம்பிப் போகுது. அந்த ஒரு மணித்தியாலத்தை எப்படிப் பாவிக்கிறது? எங்கட வயலில் வைத்து ஏதும் செய்யலாமா?”

தம்பி, அந்த முப்பது பந்தில்தான் பிரச்சினை இருக்கிறது. ஒரே கிளப், ஒரே இலக்கு, ஒரே இடம், முப்பது தரம். முதல் பந்து வலப்பக்கம் போகும், இரண்டாவதில் கை தானாகக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும், ஏழாவது எட்டாவதில் சரியாக வந்துவிடும், அதுக்குப் பிறகு நீங்கள் செய்வதெல்லாம் போன பந்தை அப்படியே திருப்பிச் செய்வதுதான். சீனக்குடாவில் போன பந்து என்று ஒன்று இல்லையே. பதினெட்டுக் குழியும் விளையாடினாலும் 7ஆம் அயனை மூன்று நாலு தரம்தான் எடுப்பீர்கள், அதுவும் ஒவ்வொரு தரமும் பத்து நிமிஷம் நடந்து, வேறு புல்லில், வேறு சரிவில், காற்று வேறு பக்கத்தில் இருந்து அடிக்கும்போது. கரப்பந்தில் தனியாக நின்று நூறு சேர்விஸ் போட்டுப் பார்க்கிற பொடியன் 24க்கு 24 என்று நிற்கும்போது வலையில் அடிக்கிறானே, அதே கதைதான்.

இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கை அசைவுகள் மூன்றை ஆட்களுக்குப் பழக்கினார்கள். ஒரு கூட்டம் முதல் அசைவை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனது, மற்றக் கூட்டத்துக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தது. பழகும்போது முதல் கூட்டம்தான் வேகமாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். அது ஆய்வுகூடத்தில் செய்த சின்னச் சின்ன அசைவு, கோல்ஃப் ஸ்விங் இல்லை, அதனால் அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரொறன்ரோவில் ஒரு ரேஞ்சில் பதினொரு வருஷம் நின்றவன் நான், முதலில் பந்து பொறுக்கி, பிறகு தொடக்கக்காரருக்குச் சொல்லிக் கொடுத்து. கிழமையில் மூன்று நாள் வந்து தலைக்கு நூற்றைம்பது பந்து அடித்துவிட்டு வருஷக் கடைசியில் அதே இடத்தில் நின்றவர்களை எண்ணிமாளாது. நாற்பது பந்து மட்டும் வாங்கி, பந்துக்குப் பந்து வாங்கில் இருந்து எழும்பி அடித்த ஒரு அம்மா, ஒரே கோடைக்குள் எல்லோரையும் தாண்டிப் போனார்.

ஆகவே முதல் வேலை, பந்தைக் குறையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் நூறு பந்து என்றால் ஒன்றுக்கு முப்பத்தாறு செக்கன். அந்த நேரத்துக்குள் அடுத்த பந்தைக் காலால் தட்டி இழுக்கத்தான் முடியும், யோசிக்க முடியாது. அறுபது போதும், நிமிஷத்துக்கு ஒன்று.

அந்த அறுபதில் முதல் பத்தை வெட்ஜால், அதாவது கிட்டத் தூரத்துக்கான கிளப்பால், அரை ஸ்விங்கில் அடியுங்கள், உடம்பு சூடாகட்டும். கிளிநொச்சியிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து வந்த முதுகோடு டிரைவர் என்கிற ஆக நீளமான கிளப்பைத் தூக்கினால் இடுப்புத்தான் பிடிக்கும்.

அடுத்த இருபது பந்து ஒரு திருத்தத்துக்கு. ஒன்றே ஒன்றுக்கு. பிடியா, நிலையா, பந்து வைக்கும் இடமா, எதையாவது ஒன்றை வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே முடிவு செய்துகொண்டு போங்கள். ரேஞ்சில் நின்றுகொண்டு யூடியூப்பில் தேடுகிற ஆட்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஆறு ஸ்விங் வரும், ஒன்றும் நிற்காது. எதைத் திருத்துவது என்று தெரியாவிட்டால் பந்து எந்தப் பக்கம் கிளம்புகிறது என்பதில் தொடங்குங்கள். பலரும் கிளப் வருகிற பாதைதான் பந்து கிளம்பும் திசையைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதை அநேகமாகத் தீர்மானிப்பது, பந்தில் படும் நொடியில் கிளப் முகம் (பந்தை அடிக்கிற தட்டையான பக்கம்) பார்க்கிற திசை. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் பந்தைப் பிறகு காற்றில் வளைக்கும். வலக்கைக்காரரான உங்களுக்குப் பந்து வலப்பக்கம் கிளம்பி இன்னும் வலப்பக்கம் வளைகிறது என்றால் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது. தோளையும் இடுப்பையும் முறுக்கிப் பார்க்க முன்னம் இடக்கைப் பிடியைப் பாருங்கள், குனிந்து பார்த்தால் இரண்டு விரல் மொளியாவது தெரியவேண்டும்.

நிலை எடுக்கும்போது காலடியில் இலக்குக்கு நேராக ஒரு தடி கிடக்கட்டும். ஊரில் பழகும்போது வேலிக் கதியால் வேண்டாம், நேரானது கிடைக்காது, ஒரு பாகம் நீளத்துக்கு பிவிசி குழாய் வெட்டி வைத்தால் காலத்துக்கும் கிடக்கும். இலக்கைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு இருபது மீற்றர் வலப்பக்கம் பார்த்து நிற்கிறவர்கள்தான் அதிகம், தடியை வைத்துப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

இனி மிச்ச முப்பது பந்துக்கும் தடியை எடுத்துவிடுங்கள், திருத்தத்தையும் மறந்துவிடுங்கள். இப்போது நீங்கள் சீனக்குடாவில் நிற்கிறீர்கள். முதல் குழியை மனதில் கொண்டுவாருங்கள். தூரத்தில் இரண்டு கம்பங்களைப் பார்த்து அதுக்கு நடுவில்தான் ஃபெயர்வே (பந்து விழவேண்டிய, புல் வெட்டிய நடுப்பாதை) என்று வைத்துக்கொண்டு, பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, ஒரு தரம் காற்றில் வீசிப் பார்த்து, போய் நின்று டிரைவரால் அடியுங்கள், மைதானத்தில் எப்படிச் செய்வீர்களோ அதே மாதிரி. உள்ளே போனதா, சரி, அடுத்தது 7ஆம் அயன், கொடி உள்ள பக்கம். வெளியே போனதா, நீங்கள் மரத்துக்குக் கீழே நிற்கிறீர்கள், 5ஆம் அயனை எடுத்துத் தாழ்வாக ஒன்று அடித்து வெளியே வரவேண்டும். பிழைத்த பந்தைத் திருப்பி அடிப்பது கிடையாது. ஒரே கிளப்பை அடுத்தடுத்து இரண்டு தரம் எடுக்கவும் கூடாது. இப்படிப் பத்துக் குழி விளையாடலாம். பார்க்க அவ்வளவு வடிவாக இராது, முதல் இரண்டு மூன்று தரம் “முந்தி நல்லா அடிச்சனே” என்று மனம் விட்டுப்போகும். விடாமல் செய்யுங்கள். அந்த அந்தரம்தான் சீனக்குடாவில் முதல் பந்துக்கு முன்னால் வருகிற அந்தரம், அதை ரேஞ்சிலேயே சந்தித்துப் பழகவேண்டும்.

தூரத்தையும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் ஆகத் தூரம் போன ஒன்றை என் தூரம் என்று எடுக்கவேண்டாம், பத்தும் விழுந்த இடங்களின் நடுவை எடுங்கள். ரேஞ்ச் பந்துகள் அடிபட்டுத் தேய்ந்தவை, பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகத்தான் பறக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது விரிப்பு விஷயம். உங்களுடைய ரேஞ்சில் இருப்பது செயற்கைப் புல் விரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆளை ஏமாற்றும். அயன் கிளப் முதலில் பந்தில் பட்டு, அதுக்குப் பிறகுதான் நிலத்தைத் தொடவேண்டும். நீங்கள் பந்துக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் நிலத்தில் அடித்தாலும் விரிப்பில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும், சத்தம்கூட நன்றாகத்தான் கேட்கும். அதையே மண்ணில் செய்தால் கிளப் புதைந்து, பந்து காலுக்கு முன்னால் நாற்பது மீற்றரில் விழும். சீனக்குடாவில் நடப்பது அநேகமாக இதுதான் என்று நினைக்கிறேன்.

இதுக்கு மருந்து உங்கள் வளவிலேயே இருக்கிறது. கிணற்றடியில் வாழைக்குத் தண்ணி போகிற பக்கம், மணல் கலந்த ஈரமண்ணாகப் பார்த்து, அடுப்புச் சாம்பலால் ஒரு கோடு போடுங்கள். கோடு உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் வரட்டும். பந்து வேண்டாம். 8ஆம் அயனால் அரை ஸ்விங் வீசி, வடு எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பாருங்கள். சாம்பல் கோட்டிலிருந்து இலக்குப் பக்கமாக வடு விழுந்தால் சரி. கோட்டுக்குப் பின்னால் மண் கிளறி, சாம்பல் சிதறிக் கிடந்தால் உடம்பின் பாரம் இன்னும் வலக்காலில் நிற்கிறது என்று அர்த்தம், இடக்காலுக்கு மாற்றி திரும்ப வீசுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று அடுத்த கோடு, அதுக்குப் பிறகு அடுத்தது. ஒரு பின்னேரத்தில் இருபது தரம் போதும். விரிப்பில் ஐந்நூறு பந்து அடித்தாலும் சொல்லித்தராத விஷயத்தை இந்தச் சாம்பல் கோடு சொல்லித்தரும். காய்ந்த வயலில் மட்டும் இதைச் செய்யவேண்டாம். சிறுபோகம் அறுத்த பிறகு நம்முடைய களிமண் கல்லாகத்தான் கிடக்கும், மணிக்கட்டு போய்விடும்.

வயலில் பந்து அடிக்கலாமா என்று கேட்டீர்கள். கோல்ஃப் பந்தை அடிக்கவேண்டாம் தம்பி, இதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்கிறேன். 46 கிராமுக்குக் கிட்ட நிறையுள்ள அந்தக் கட்டிப் பந்து பிழையாகப் பட்டால் வரம்பு தாண்டி, வாய்க்கால் தாண்டி, அடுத்த வயலில் குனிந்து நிற்கிறவரின் தலையில் போய்ப் படும், மாட்டில் படும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. பந்து பற்றைக்குள் போனால் நீங்கள் தேடிப் போவீர்கள், கூட நிற்கிற சின்னப் பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் ஓடுவார்கள். முகமாலைப் பக்கத்திலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் எத்தனையோ வருஷமாக மிதிவெடி அகற்றுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் ஒரு பந்துக்காகக் கால் வைக்காதீர்கள். துளை உள்ள பிளாஸ்ரிக் பயிற்சிப் பந்து கடைகளில் கிடைக்கும், அது எவ்வளவு அடித்தாலும் கிட்டத்திலேயே விழுந்துவிடும், முற்றத்தில் நின்றே அடிக்கலாம். ஸ்விங்கின் தாளத்தைப் பழக அது தாராளம்.

ஊரில் நிற்கும் நாட்களில் உண்மையான லாபம் விறாந்தையில் இருக்கிறது. பதினெட்டுக் குழிக்கும் கைதேர்ந்தவர் எடுக்கவேண்டிய அடி, அதாவது பார், 72 என்று கணக்குப் போடும்போதே குழிக்கு இரண்டாக 36 அடி பட்டிங்குக்கு (குழியை நோக்கிப் பந்தை உருட்டுவதற்கு) என்று ஒதுக்கித்தான் போடுகிறார்கள். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி பெருந்தொகைத் தரவை அலசி, ஒரு ஆட்டக்காரருக்கும் இன்னொருவருக்கும் இடையில் வருகிற வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீண்ட அடிகளால்தான் வருகிறது என்று காட்டினார், அதனால் பட்டிங் மட்டும் பழகினால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொழும்புக்கு மாதத்தில் இரண்டு நாள்தான் போகிறீர்கள், விறாந்தை மிச்ச இருபத்தெட்டு நாளும் இருக்கிறது. ஒரு வெறும் மீன் ரின்னைக் கவிழ்த்து வையுங்கள். ரின்னின் குறுக்களவு ஏழரைச் சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும், கோல்ஃப் குழி 10.8 சென்ரிமீற்றர். இரண்டு மீற்றரில் நின்று ரின்னில் பத்துப் பந்தில் எட்டைப் படவைக்கப் பழகிவிட்டால் சீனக்குடாக் குழி கிணறு மாதிரித் தெரியும். சீமெந்து நிலம் புல்லைவிட வேகமாக ஓடும், அதனால் வேகத்தை இதில் பழகவேண்டாம், நேரைப் பழகுங்கள். வேகத்துக்கு முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து, மூன்று மீற்றர், ஐந்து மீற்றர், ஏழு மீற்றர் என்று மாறி மாறி அதில் நிற்கும்படி உருட்டுங்கள். இங்கேயும் ஒரே தூரத்தை அடுத்தடுத்து இரண்டு தரம் வேண்டாம்.

காற்றைப் பற்றியும் ஒன்று. வைகாசி, ஆனியில் சோளகம் அடிக்கிற காலத்தில் எதிர்க்காற்றுக்கு ஓங்கி அடிக்கவேண்டும் என்று தோன்றும். ஓங்கி அடித்தால் பந்து கூடச் சுழலும், கூடச் சுழன்றால் மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். வழக்கமாக எடுப்பதைவிடக் கூடத் தூரம் போகிற அடுத்த கிளப்பை எடுத்து, பிடியில் ஒரு விரல் இறக்கிப் பிடித்து, மெதுவாக அடியுங்கள். ரேஞ்சில் காற்று வந்தால் ஒதுங்கி நிற்காமல் அந்த முப்பது பந்து ஆட்டத்தை அந்தக் காற்றில் விளையாடுங்கள்.

வெளிக்கிடும்போது கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள், இன்றைக்கு எந்தத் திருத்தம், பத்துக் குழியில் எத்தனை ஃபெயர்வே. இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வரும்போது அங்கிருந்து தொடங்கலாம். சீனக்குடாவுக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் டிரைவரைத் தொடவேண்டாம், விறாந்தையில் மீன் ரின்னோடு இருபது நிமிஷம், வெட்ஜால் பிளாஸ்ரிக் பந்து பதினைந்து, அவ்வளவுதான். நூறு பந்து வாளிதான் தருவார்கள் என்றால் மிச்ச நாற்பதையும் பக்கத்தில் அடிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடியுங்கள்.