கோலா செபெத்தாங்கில் ஏன் ஒரு மாலை?

வணக்கம் அக்கா,

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் பினாங்கு போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. ஒரே நாளில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. வழியில் ஓர் இரவு தங்கலாம் என்றதும், பேராக்கில் தைப்பிங் பக்கத்தில் இருப்பதாக நீங்கள் அடிக்கடி எழுதும் கோலா செபெத்தாங் ஞாபகம் வந்தது. "அங்கே என்ன இருக்கு? அங்கிருந்து பினாங்கே ஒன்றரை மணி நேரம்தானே!" என்கிறார் மனைவி. பேசாமல் ஈப்போவிலேயே தங்கிவிடலாமா?

ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி கேட்பது நியாயம்தான். அங்கே குளிக்கக் கடற்கரை இல்லை, பேரங்காடி இல்லை. ஒரு காலத்துத் துறைமுகம், இன்று மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கும் ஆற்றங்கரை. ஆனாலும் ஈப்போவில் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்த களைப்போடு மாலை நெரிசலில் பினாங்குப் பாலம் ஏறினால், போய்ச் சேர்ந்ததும் படுக்கத்தான் தோன்றும். அந்த மாலையை இந்த ஊருக்குக் கொடுங்கள்.

மலாயாவின் முதல் ரயில் பாதை இங்கேதான் வந்து முடிந்தது. 1885 ஜூன் 1 அன்று திறந்தார்கள். தைப்பிங்கிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். தைப்பிங்கைச் சுற்றியுள்ள லாருட் வட்டாரத்து வெள்ளீயத்தைக் கப்பலேற்றப் போட்ட பாதை. பிரிட்டிஷ் ஆளுநர் ஃபிரெடரிக் வெல்டின் பெயரால் அன்று இந்த ஊருக்கு போர்ட் வெல்ட் என்று பெயர். பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படையினரை வரவழைத்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் மலாயா ரயில்வேயில் நிறைந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தில் உழைத்தார்கள். "தாத்தா ரயில்வேயில் இருந்தார்" என்று சொல்லும் குடும்பங்கள் சிங்கப்பூரில் எத்தனை!

தண்டவாளம் இப்போது இல்லை. கடைத்தெருவில் பழைய டிக்கெட் கவுண்டரும் நிலையத்தின் பெயர்ப்பலகையும்தான் மிச்சம். பலகையில் ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், கூடவே தமிழ். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். இந்த ஊரில் தமிழ் எப்படி வந்தது என்று அவர்களே கேட்பார்கள். பதில் சொல்ல உங்கள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மலாயாக் கதை அவரிடம் நிறைய இருக்கும்.

அப்புறம் கரிச்சூளை. ஊருக்குள் நுழையும் முன்பே புகை வாசனை வந்துவிடும். செங்கல்லாலும் களிமண்ணாலும் கவிழ்த்த பானை மாதிரி கட்டியிருப்பார்கள். உள்ளே பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தின் கட்டைகளை நெருக்கமாக நிறுத்தி, வாசலை அடைத்து, சின்னத் திறப்பில் மட்டும் தீ மூட்டுவார்கள். கட்டை எரிந்துவிடக் கூடாது, உள்ளே வெந்து நீர் வற்ற வேண்டும். எந்தக் கட்டத்தில் தீயைக் குறைப்பது, எப்போது முழுக்க மூடுவது என்பதைப் புகையின் வாசனையையும் ஈரத்தையும் வைத்தே அனுபவசாலிகள் சொல்லிவிடுகிறார்கள். சுமார் 40 டன் கட்டை ஏறக்குறைய ஒரு மாதத்தில் 10 டன் கரியாகும். அந்தப் பொறுமையைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மரம் வருவது மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலிருந்து. 40,000 ஹெக்டேர், சிங்கப்பூர் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல். ஒரு பகுதியை வெட்டினால் 30 வருடம் வளரவிட்ட பிறகுதான் மறுபடி வெட்டுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இப்படித் திட்டம் போட்டு வெட்டியும் நட்டும் வருவதால்தான் காடும் இருக்கிறது, சூளையும் இருக்கிறது. நம் சிங்கப்பூர் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் மரநடைபாதை மேல் நின்று பார்த்த அதே வகை மரங்கள், இங்கே ஊருக்குச் சோறு போடுகின்றன.

இரவில் மின்மினி பார்க்கப் படகு போகும். நிலா வெளிச்சம் இல்லாத நாளாக அமைந்தால் நல்லது. அதற்கு முன் இறால் போட்ட மீ (நூடுல்ஸ்) சாப்பிட்டுவிடுங்கள், அதைத் தவறவிடக் கூடாது. மறுநாள் காலை நேரமிருந்தால் மாத்தாங்கில் லாருட்டின் மலாய்த் தலைவராக இருந்த ஙா இப்ராஹிமின் கோட்டை இருக்கிறது. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் (அரச ஆலோசகர்) பர்ச் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த இடம், இப்போது அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் போதும்.

தங்குவது தைப்பிங்கில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு லிஃப்ட் உள்ள ஹோட்டல் கிடைக்கும், கோலா செபெத்தாங் அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள்தான். தைப்பிங்கில் மழை அதிகம், குடைகளைக் காரிலேயே போட்டு வையுங்கள். படகுக்கு மட்டும் ஒரு யோசனை. நீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகு ரொம்பக் கீழே போய்விடும், மூட்டுவலிக்காரர் இறங்குவது கஷ்டம். பதிவு செய்யும்போதே நீர் ஏறியிருக்கும் நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டு, அதற்கேற்றபடி ஈப்போவிலிருந்து கிளம்புங்கள்.

அன்புடன்,
அக்கா