மூன்றாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு மறதி நோய் வருமா?

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது, மூன்றாம் வகுப்புவரை படித்தவர். முகாம் ஒன்றில் நடத்திய நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 19 வாங்கினார். படிப்புக் குறைவால் மறதி நோய் வரும் என்று சொல்லி, கட்டண மூளைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். அந்த 19 என்ற மதிப்பெண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம்.

இளமையில் கற்றவர்களின் மூளை, நோயால் ஏற்படும் சேதத்தை நெடுநாள் தாங்கிக்கொள்வதால், அறிகுறிகள் தாமதமாகவே வெளிப்படுகின்றன. இது உண்மைதான். ஆனால் 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான மாற்றத்தக்க 14 காரணிகளுள், மொத்த நோயில் கல்விக் குறைவின் பங்கு 5 சதவீதம். காது கேளாமையின் பங்கு 7 சதவீதம். இவை மக்கள்தொகை முழுமைக்குமான கணக்கே தவிர, தனியொருவரின் ஜாதகம் அல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 7.4 சதவீதத்தினருக்கே இந்நோய் உள்ளது.

அந்தச் சோதனையில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பேனாவே அதிகம் பிடித்திராத கை அதில் தடுமாறினால், அது பள்ளிக்கூடம் இல்லாமையைக் காட்டுமே அன்றி, நோயைக் காட்டாது. சில ஆண்டுகளே படித்தவர்கள், நோய் எதுவும் இல்லாமலேயே 19, 20 வாங்குவது மிகவும் சாதாரணம். எழுத்தறிவில்லாத முதியோருக்கென்று ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களிலேயே இந்தியில் இச்சோதனை திருத்தியமைக்கப்பட்ட பிறகும், பள்ளிப்படிப்பைக் கணக்கில் கொள்ளாத தாளையே முகாம்களில் நீட்டுவதை நம் சுகாதாரத் துறை இன்னும் கேள்வி கேட்காமல் இருப்பது பொறுக்க முடியாதது.

அதே தாளைக் காட்டித்தான் பயிற்சி வகுப்புக்காரர்கள் பணம் பறிக்கிறார்கள். அமெரிக்காவில் லுமாசிட்டி என்ற மூளை விளையாட்டு நிறுவனம், தன் விளையாட்டுகள் முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக, 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நினைவாற்றல் மாத்திரை, ‘முழு மூளை ஸ்கேன் பேக்கேஜ்’ என்று வருகிறவர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள். நோயாளியை அனுப்பினால் தரகு வாங்கும் இடைத்தரகர்கள் இதில் நிறையவே உள்ளனர்.

அறுபதுக்கு மேல் கற்பதால் பயன் உண்டா? இளமைக் கல்வி அளவுக்கு உறுதியான ஆதாரம் இதற்கில்லை. ஆயினும் தீங்கில்லை, செலவுமில்லை. மூளைக்குப் பயிற்சி பள்ளியில் மட்டும் கிடைப்பதல்ல: ஹைதராபாத்தில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இத்தகைய தாமதம் இருந்தது. பேரப்பிள்ளையின் பாடநூலை உடன் அமர்ந்து வாசிக்க அவருக்கு விருப்பமிருந்தால் தாராளமாக வாசிக்கட்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது மாற்றத்தை. நாள்தோறும் வைத்த குழம்பின் பக்குவம் தவறுகிறதா, பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா, கடைக்கணக்கு முன்புபோல வருகிறதா என்று பாருங்கள். அப்படி ஏதேனும் தென்பட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு இரத்தப் பரிசோதனைகளோடு மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் இவற்றால் வரும் மறதி சிகிச்சையில் சரியாகக்கூடும். எதுவும் தென்படாவிட்டாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன் ஆகிய மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.